மூன்றடுக்குக் கேரியர்

கோர்ட் டவாலி வெளியே வந்து யாருடைய பெயரையோ மூன்று முறை கூப்பிட்டார். மூன்று முறையும் செண்பகராஜ் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பெஞ்சிலிருந்து பாதி எழுந்து, மூன்று முறையும் மறுபடி உட்கார்ந்தார். கூப்பிட்ட பெயருக்கும் அவர் பெயருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இருந்தும் உடம்பு எழுந்துவிடுகிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே வராந்தாவில் கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போய்ச் சாட்சிக் கூண்டில் ஏறியவர். அந்த எழுந்திருத்தல் முழங்காலுக்குள் அப்படியே தங்கிவிட்டது போல. இன்றைக்குக் கூண்டு கிடையாது, கேள்வி கிடையாது, ஒரு பொருளை வாங்கிக்கொண்டு போவதுதான் வேலை என்று காலையில் பஸ்ஸில் வரும்போதே தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர். மூன்றடுக்கு. அண்ணன் காளிராஜ் தான் வேலை பார்த்த குடிதண்ணீர் மோட்டார் ரூமுக்குச் சோறு கொண்டுபோன கேரியர். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அந்த மோட்டார் ரூமில் அண்ணன் மண்டை உடைந்து கிடந்தபோது கேரியர் பக்கத்தில் இல்லை. நாலு நாள் கழித்து ஓர் ஆள் வீட்டில் அகப்பட்டது. போலீஸ் கைப்பற்றி, நம்பர் ஒட்டி, கோர்ட்டுக்கு அனுப்பி, அந்த ஆளுக்கு ஆயுள் தண்டனை ஆகி, மேல்முறையீடும் தள்ளுபடியாகி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: சான்றுப் பொருள் நான்கை, மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின், மூன்றாம் சாட்சியிடம் ஒப்படைக்க வேண்டியது. சான்றுப் பொருள் நான்கு அந்தக் கேரியர், மூன்றாம் சாட்சி செண்பகராஜ். அந்த வரி அங்கே இருப்பது தெரிந்தும் மனுப் போடாமல் தள்ளிக்கொண்டே வந்தார். மதினிதான் விடவில்லை. 'கொழுந்தனாரே, அவுக கடைசியாத் தின்ன பாத்திரம். இந்தத் தெவசத்துக்காவது அதுல சோறு வச்சுப் படைக்கணும்.' போன வருஷமும் இதையே சொன்னாள். குரலில் கெஞ்சல்கூட இல்லை. ரேஷன் கார்டைத் தேடி எடுத்துத் தரச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சேவலுக்காக வந்தவர். துண்டை உதறி உதறி விசிறிக்கொண்டு, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொண்டிருந்தார். 'சண்டைக்கு விட்டோம்னு புடிச்சாக அண்ணாச்சி. எங்க நாலு பேரையும் ஜாமீன்ல விட்டுட்டாக. சேவலுக்கு யாரு ஜாமீன் குடுப்பா? ஸ்டேஷன் வாசல்லயே கட்டிக் கெடந்துச்சு. இப்பக் கேஸு முடிஞ்சு வாங்க வந்தா, கால்ல கட்டுன கத்தி மட்டுந்தான் இருக்காம். சேவல் நோவுல செத்துப்போச்சாம். என்ன நோவு? மசாலா நோவு.' அவரே சொல்லி அவரே சிரித்தார். செண்பகராஜும் சிரித்தார். சிரிப்பு தன் வாயிலிருந்து வருவது தன் காதுக்கே அந்நியமாகக் கேட்டது. 'அண்ணாச்சிக்கு என்ன பொருளு?' 'கேரியர்.' 'சோத்துக் கேரியரா? அதுக்கா இம்புட்டுத் தூரம்? புதுசு ஒண்ணு வாங்கிட்டுப் போயிருக்கலாம்ல.' வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்தான். போன மாதம் பாத்திரக்கடை வாசல் வரைக்கும் போனார். பழைய பாத்திரம் அடுக்கியிருந்த மூலையில் இதே மாதிரி ஒன்று அகப்பட்டால், புளி போட்டுத் தேய்த்து, இதுதான் மதினி, கோர்ட்டில் தந்தார்கள் என்று கையில் கொடுத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு. கடைக்காரர் 'என்ன வேணும்' என்று கேட்டதும் திரும்பி நடந்தார். மதினி கையில் வாங்கின மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவாள். பதினாறு வருஷம் தினமும் கழுவின கை. அப்புறம்தான் அது உறைத்தது. கடையில் வாங்கினதை அவள் கண்டுபிடிப்பாள் என்றால், கோர்ட்டிலிருந்து வாங்கிக்கொண்டு போவதை? அதையும்தானே தொட்டுப் பார்ப்பாள். தொட்டுப் பார்த்து, 'இது நம்மது இல்லையே' என்று, அதே ரேஷன் கார்டுக் குரலில் சொல்லிவிட்டால்?

சொல்ல மாட்டாள். ஏன் சொல்லப் போகிறாள். அண்ணனுடையதுதானே. இன்ஸ்பெக்டர் மேஜைமேல் அதைப் பார்த்ததும் அண்ணனுடையது என்றுதானே நினைத்தார். நினைத்தாரா? மேஜை கண்ணுக்குள் இருக்கிறது. பச்சைத் துணி, அதில் மை கொட்டின கறை, காகிதம் பறக்காமல் வைக்கிற கண்ணாடிக் குண்டு, கேரியர். அதற்கு மூன்று நாள் முன்னால் அதே மேஜைக்கு எதிரே காலை முதல் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் அடிக்கவில்லை, அதட்டவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார். 'அண்ணந்தம்பிக்குள்ள ஆயிரம் இருக்கும். எங்க வீட்லயும் இருக்கு' என்றார். டீயை வாயில் வைக்கும்போதுதான் பயம் வந்தது. சாவதற்குப் பதினைந்து நாள் முன்னால், பொதுச்சுவரில் ஜன்னல் வைக்க அண்ணன் இடித்த தகராறில், டீக்கடை வாசலில் நாலு பேர் பார்க்க, 'நீ நல்ல சாவு சாக மாட்டடா' என்று இவர் கத்தியிருக்கிறார். அண்ணனை டா போட்டது அதுதான் முதல் தடவை, கடைசித் தடவை. அந்த நாலு பேரில் ஒருவர் ஸ்டேஷனில் வந்து சொல்லியிருக்கிறார். யார் என்று இன்றுவரை தெரியாது. டீக்கடைக்குப் போகும்போதெல்லாம் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். அன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், வெளியூர் மட்டும் போகாதீங்க என்று. நாலாம் நாள் ஏட்டு ஒருவர் மோட்டார் சைக்கிளில் துக்க வீட்டுக்கு வந்தார். 'ஒரு பாத்திரம் கிடைச்சிருக்கு. அந்தம்மா வந்து அடையாளம் காட்டணும்' என்றார். மதினி உள்ளே மூலையில் கவிழ்ந்து கிடந்தாள். இவர்தான் வாசலிலேயே நிறுத்தினார். 'துக்க வீட்டுப் பொம்பளைய எதுக்கு சார் ஸ்டேஷனுக்கு? ஆம்பள நான் இருக்கேன்ல, நான் வாரேன்.' பந்தலில் இருந்த பெரிய மனிதர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். சண்டை போட்ட தம்பிதான், ஆனாலும் சமயத்தில் நின்றான் பார் என்கிற தலையாட்டல். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. துக்கத்துக்கு நடுவில், கேவலம், ஒரு சந்தோஷம். சோற்றுப் பாத்திரத்தை அடையாளம் காட்ட, அந்தப் பாத்திரத்தில் ஒரு பருக்கை எடுத்து வைத்தறியாத, ஒரு தடவை கழுவியறியாத ஆள் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனார். யாருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் மூடியைத் திருப்பி, வெட்டியிருந்த எழுத்து இவர் பக்கம் வரும்படி வைத்தார். அன்பளிப்பு: மீ. தெய்வேந்திரன், பருப்பு மில். 'உங்க மொதலாளிதானே?' 'ஆமா சார்.' 'உங்க அண்ணன் கல்யாணத்துக்கு இவர் ஒரு கேரியர் குடுத்திருக்காரா?' 'ஆமா சார், குடுத்தாக.' 'அப்ப இது அதுதானே? நல்லாப் பாத்துச் சொல்லுங்க.' 'ஆமா சார்.' மூன்று ஆமா. முதல் ஆமா உண்மை, இரண்டாவது ஆமா உண்மை. வாய் அந்த வேகத்திலேயே மூன்றாவதையும் சொல்லிவிட்டது. அந்த மூன்றாவதைச் சொன்னதும் இன்ஸ்பெக்டரின் கண் இவர்மேல் இருந்து விலகியது. அதுதான் நிச்சயமாக ஞாபகம் இருக்கிறது. மூன்று நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல்லை யாரோ இரண்டு கையாலும் தூக்கி எடுத்த மாதிரி. கல் எங்கே போனது, யார் நெஞ்சில் போய் உட்கார்ந்தது என்று அப்போது யோசிக்கவில்லை. யோசித்தாரா? அதற்கு மேலும் ஒன்று சொன்னார். 'கீழ்க் கிண்ணத்துல ஒரு ஒடுக்கு இருக்கும் சார். அண்ணன் ரயில்வே கேட்ல சைக்கிளோட விழுந்தப்ப ஆனது.' அண்ணன் விழுந்தது உண்மை. முழங்கை பெயர்ந்து கட்டுப் போட்டது உண்மை. கேரியர் ஒடுங்கியதா? ஒடுங்காமலா இருந்திருக்கும். எட்டு வருஷமாக இந்த இடத்தில்தான் நினைப்பு வந்து மாட்டிக்கொள்கிறது, முள்ளில் வேட்டி மாட்டின மாதிரி. இன்ஸ்பெக்டர் கேரியரைத் திருப்பி ஒடுக்கு கண்ணில் பட்டபிறகு ரயில்வே கேட் ஞாபகம் வந்ததா, ரயில்வே கேட்டைச் சொன்ன பிறகு அவர் திருப்பினாரா? சில நாள் ஒடுக்கு முன்னால் வரும், சில நாள் ரயில்வே கேட் முன்னால் வரும். ரயில்வே கேட் முன்னால் வருகிற நாட்களில் நன்றாகச் சாப்பிடுவார்.

வெளியே மரத்தடியில் மனு டைப் அடிக்கிறவர்களின் சத்தம். டிக் டிக் டிக், ஒரு நிறுத்தம், டிக். கண்ணை மூடினால் அது டைப் சத்தமாக இல்லை. பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிறவரின் சின்னச் சுத்தியலாக இருக்கிறது. அந்தக் கடையில் ஒரு நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முதலாளி ஒரே தடவையில் இரண்டு டஜன் கேரியர் எடுத்திருந்தார். மில்லில் வேலை செய்கிற யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் ஆளுக்கு ஒன்று. 'தேதி போடாம வெட்டச் சொல்லுடா. எப்பக் கல்யாணம் வந்தாலும் எடுத்துக் குடுக்கலாம்' என்றார் முதலாளி. வெட்டுகிறவர் தேதி இல்லாமல் வெட்டினார். இருபத்துநாலு மூடியிலும் ஒரே எழுத்து, ஒரே சாய்வு, மில் என்பதற்குப் பக்கத்தில் அவர் ஆசைக்குப் போட்ட ஒரே மாதிரியான சின்னப் பூ. மில் பரணில் அடுக்கி வைத்தது செண்பகராஜ். கல்யாணம் வந்தபோதெல்லாம் ஒன்று இறக்கித் துடைத்து, ரோஸ் காகிதத்தில் சுற்றி, முதலாளிக்குப் போக நேரமில்லாமல் தானே கொண்டுபோய்க் கொடுத்ததும் செண்பகராஜ். முதல் கேரியர் அண்ணன் கல்யாணத்துக்கு. கடைசிக் கேரியர் யாருக்கு என்று ஞாபகம் இல்லை. வழக்கு வந்த காலத்தில் முதலாளி இல்லை, மில்லும் இல்லை. பெயர் வெட்டினவர் கண் தெரியாமல் போய் மகள் வீட்டில் இருந்தார். இருபத்துநாலு என்பது தெரிந்த ஒரே தலை செண்பகராஜின் தலை. இன்ஸ்பெக்டருக்கு அது தெரியாது. அவர் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருப்பது பொய் ஆகுமா என்று முதல் இரண்டு வருஷம் தனக்குள் வாதாடி வாதாடி, ஆகாது என்று ஒரு மாதிரி தீர்ப்பும் எழுதி வைத்திருந்தார்.

ஆனால் கோர்ட்டில் கேட்டார்கள். அந்த ஆளுக்காகச் சட்ட உதவியில் வந்த வக்கீல், தோளில் கோட்டு நழுவி நழுவி விழ, காகிதத்தில் எழுதி வைத்ததை ஒவ்வொன்றாக வாசித்துக் கேட்டார். பதிலைக்கூட நிமிர்ந்து பார்த்துக் கேட்கவில்லை. 'இதே மாதிரியான, இதே பெயர் பொறித்த கேரியர் வேறு யாரிடமாவது இருக்கிறதா?' 'தெரியாது.' நீதிபதி டைப் அடிப்பவரிடம் 'தெரியாது என்கிறார்' என்று சொன்னார். டிக் டிக் டிக். அவ்வளவுதான். வக்கீல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அப்போதுதான் குற்றவாளிக் கூண்டிலிருந்து அந்த ஆள், கத்தவில்லை, கும்பிட்டபடியே கொஞ்சம் முன்னால் குனிந்து, ஏதோ இவர் மறந்து வைத்துவிட்ட குடையை எடுத்துக் கொடுக்கிற மாதிரி சொன்னான்: 'அய்யா, நீங்கதான அதை என் கல்யாணத்துக்குக் கொண்டாந்து குடுத்தீக. மொதலாளிக்கு வர முடியலன்னு சொன்னீகளே. ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கன்னு எங்கய்யா கையப் புடிச்சதுக்கு, பஸ்ஸு போயிரும்னு போனீகளே.' அங்கேயெல்லாம் பேசக்கூடாது என்று போலீஸ்காரர் அவன் தோளை அமுக்கினார். நீதிபதி இவரைப் பார்த்தார். 'ஞாபகம் இல்லைங்க' என்றார் செண்பகராஜ். ஞாபகம் இல்லைதான். மில்லில் ஒரு பருவம் மூட்டை தூக்க வந்த ஆள். எத்தனையோ கல்யாணம், எத்தனையோ பந்தல். எல்லாவற்றிலும் வாசலில் நின்று கொடுத்துவிட்டு, பஸ் போய்விடும் என்று சொல்லித்தான் திரும்புவார். எல்லோர் வீட்டிலும் சாப்பிடுகிற வழக்கம் இவருக்கு இல்லை, அதற்கு பஸ் ஒரு சாக்கு. அந்த ஆள் அதை எப்படித் தெரிந்துகொண்டு சொன்னான்? யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். வக்கீல் சொல்லிக்கொடுத்திருப்பார். காகிதத்தைப் பார்த்து வாசிக்கிற அந்த வக்கீலா? அன்று வீட்டுக்குப் போனபிறகு, நனைந்த ஓலைப் பந்தல் ஒன்று மனதில் வந்தது. சேறு. சேற்றில் ஒரு பக்கம் சாய்ந்து நின்ற பெஞ்சு. தன் கையைப் பிடித்த ஒரு கிழட்டுக் கை, அப்பளம் பொரித்த எண்ணெய் பிசுபிசுப்போடு. அது அவன் கல்யாணமா, வேறு யார் கல்யாணமோ? அவன் சொன்னதைக் கேட்டபிறகு மனம் தானாகக் கட்டின பந்தலோ? ஒடுக்கு மாதிரியேதான் இதுவும். எது முன்னால், எது பின்னால். அவன் பெயரை அவர் அதற்குப் பிறகு மனதுக்குள்கூடச் சொல்வதில்லை. அந்த ஆள். அவன்தான் அண்ணனைக் கொன்றானா? தெரியாது. கொலைக்கு முதல் நாள் அண்ணனோடு குடித்தான் என்று இரண்டு பேர் சொன்னார்கள். தீர்ப்பில் அதைப் போட்டு, ஆனால் இந்த வழக்கின் முக்கியமான கண்ணி சான்றுப் பொருள் நான்குதான் என்று எழுதியிருந்தது. கண்ணி. சங்கிலியில் வருகிற கண்ணி என்றுதான் எழுதியிருப்பார்கள். படிக்கிறபோது இவருக்கு முயல் பிடிக்க வைக்கிற கண்ணிதான் கண்ணில் தெரிந்தது.

'மூணாம் சாட்சி செண்பகராஜு, செண்பகராஜு.' இந்தத் தடவை உடம்பு எழவில்லை. சேவல்காரர்தான் தொடையில் தட்டினார். 'அண்ணாச்சி, உங்களத்தான்.' சொத்து அறையின் வாசலில் குறுக்கே ஒரு மேஜை. அதற்குப் பின்னால் மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு எழுத்தர் நின்றாள். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். அவளுக்குப் பின்னால் உள்ளே, இருட்டில், எண்ணிக்கை இல்லாமல் மூட்டைகள். அரிவாள்கள், செருப்புகள், கறை காய்ந்த சேலைகள், ஒரு தையல் மெஷின், சுவர்க் கடிகாரம். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு. காய்ந்த அரக்கும் எலிப் புழுக்கையும் கலந்த வாசனை. எல்லாம் ஒரு காலத்தில் யாரோ கையில் எடுத்துத் தங்கள் வீட்டில் ஓர் இடத்தில் வைத்த பொருட்கள். துணிப்பையின் அரக்கை அவள் ஸ்கேலால் நெம்பி உடைத்தாள். கேரியர் வெளியே வந்தது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு சின்னதாகியிருக்கும் என்று நினைக்கவில்லை. கைப்பிடியில் நூல் கட்டித் தொங்கின அட்டையில் அவருடைய கையெழுத்து. அட்டை மஞ்சளாகி ஓரம் பொடிந்திருந்தது. கையெழுத்து மட்டும் நேற்றுப் போட்ட மாதிரி, வாலைச் சுழித்துக்கொண்டு, திமிராக. தன்னைவிட எட்டு வயது சின்ன ஒரு ஆளை நேருக்கு நேர் பார்த்த மாதிரி இருந்தது. அவனிடம் ஏதாவது கேட்க வேண்டும்போல இருந்தது.

'நல்ல கனம் சார். இப்ப வாரதெல்லாம் தகரம்' என்று சொல்லிக்கொண்டே எழுத்தர் இரண்டு பக்கக் கொக்கியையும் ஒரே சமயத்தில் கட்டை விரலால் தட்டி விட்டாள். கோர்ட் சொத்தைத் திறக்கிற கையாக இல்லை, மத்தியானச் சோற்றைத் திறக்கிற கை. மேல் கிண்ணத்துக்குள் பார்த்ததும் உச்சுக்கொட்டினாள். 'என்ன சார் இது, இதுல போயி உப்புப் போட்டு வச்சிருக்கீங்க? பாருங்க எப்படி அரிச்சுப்போயிருக்குன்னு. வருஷக்கணக்கா வச்சாத்தான் இப்படிப் புள்ளி விழும். வீட்ல சொல்லுங்க, உப்பைப் பீங்கான் ஜாடியில போடச் சொல்லி.' கிண்ணத்தின் உள்ளே, பாதி உயரம் வரைக்கும், அம்மைத் தழும்பு மாதிரி கருப்புக் கருப்பாகப் புள்ளிகள். செண்பகராஜ் விரலை உள்ளே விட்டுத் தடவினார். சொரசொரவென்று இருந்தது. வருஷக்கணக்கா. அந்த ஆள் வீட்டில் இருந்த நாலு நாளில் இப்படி ஆகுமா என்று கேட்க வாயெடுத்தார். யாரிடம் கேட்பது, எதைச் சொல்லிக் கேட்பது. நிச்சயம் அண்ணன் வீட்டிலேயே உப்புப் போட்டு வைத்திருப்பார்கள். ராத்திரி கழுவிக் கவிழ்த்து, காலையில் சோறு போடுகிற பாத்திரத்தில் எப்போது உப்புப் போட்டு வைப்பது? 'ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போடுங்க. என் பொருளை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்னு இருக்கு பாருங்க, அதுக்குக் கீழ.' பேனாவை நீட்டினாள். அப்போதுதான் சட்டைப் பையில் போன் அடித்தது. மதினி.

'கொழுந்தனாரே, குடுத்துட்டாகளா?' 'எடுத்து வச்சிருக்காக.' 'நெளிஞ்சு கிளிஞ்சு போகாம இருக்கா?' 'இருக்கு மதினி.' பின்னால் குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. எதையோ கழுவிக்கொண்டே பேசுகிறாள். எட்டு வருஷம் அடுத்தடுத்த வீட்டில், பொதுச்சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்திருக்கிறார்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டிருக்கலாம். கேட்க முடியாதபடிக்கு அது ஒன்றும் பெரிய கேள்வி இல்லை. 'மதினி, அந்தக் கேரியர்ல நீங்க எப்பவாச்சும் உப்புப் போட்டு வச்சீகளா?' 'எவர்சில்வர்ல யாராவது உப்பு வப்பாகளா? எங்கம்மா கையை ஒடிச்சிரும். ஏன்?' 'சும்மாதான். வேற என்ன அடையாளம் அதுல?' 'அடையாளமா? அதான் ஒரு பக்கக் கொக்கி ஒடஞ்சுபோச்சுல்ல. அவுக ரயில்வே கேட்ல விழுந்தாகள்ல, அப்ப. மோட்டார் ரூம்ல இருந்து காயில் சுத்துற செம்புக் கம்பி கொண்டாந்து இறுக்கிச் சுத்தித் தந்தாக. புளி போட்டுத் தேச்சா செவசெவன்னு தங்கக் காப்பு மாதிரி இருக்கும். இத ஏன் என்கிட்டக் கேக்கீக, கையிலதான வச்சிருக்கீக, பாத்தாத் தெரியுமே.' பார்த்தார். இந்தப் பக்கம் ஒரு கொக்கி. அந்தப் பக்கம் ஒரு கொக்கி. இரண்டும் ஒரே வயது, இரண்டிலும் ஒரே தேய்மானம். கம்பி சுற்றின தடம்கூட எங்கேயும் இல்லை. பார்த்தால் தெரியும். அன்று மதினி மோட்டார் சைக்கிளில் ஏறாமலே, ஏட்டு சொன்னதைக் கேட்டு வாசல் மூலையில் இருந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே போதும், கொக்கியில கம்பி சுத்தியிருக்கா என்று. கேட்கவிடாமல் வாசலை மறித்துக்கொண்டு நின்ற ஆம்பள. ரயில்வே கேட்டில் அண்ணன் விழுந்தது உண்மைதான். ஒடிந்தது கொக்கி. ஒடுக்கு வேறு யாருடைய வீட்டிலோ, வேறு எங்கேயோ விழுந்தது. அண்ணனின் கேரியர் செம்புக் காப்போடு இந்த நேரம் எங்கே இருக்கிறதோ, அதில் எவன் சாப்பிடுகிறானோ. 'கொழுந்தனாரே?' என்றாள் மதினி. தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. குழாயை அடைத்துவிட்டாள். 'அதுல கம்பி இல்லையா?' 'இல்ல மதினி.' மதினி மெதுவாகக் கேட்டாள்: 'அப்ப அது எந்தப் பொம்பளை கேரியரு?'

'அம்மா, இது எங்களது இல்ல' என்றார் செண்பகராஜ். எழுத்தர் சிரித்தாள். 'ஏன் சார், உப்பைச் சொன்னதுக்குக் கோவமா?' 'இல்லம்மா. நெசமாவே. எங்க அண்ணன் கேரியர் இது இல்ல.' 'தீர்ப்புலயே எழுதியிருக்கு சார் உங்களதுன்னு. மேல்கோர்ட்டும் ஆமான்னுருச்சு. நீங்க இல்லேன்னா ஆச்சா?' பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் மூக்கில் இருந்த தலைப்பை எடுத்துவிட்டு, மேஜையின் மேல் குனிந்து, குரலைத் தாழ்த்தினாள். 'தெரிஞ்சுதான் பேசுறீங்களா? கூண்டுல ஏறி ஆமான்னு சத்தியம் பண்ணிட்டு, இன்னைக்கு இல்லேன்னு எழுதிக் குடுத்தா மொதல்ல உங்களைத்தான் கேப்பாங்க. வயசான காலத்துல எதுக்கு சார்? வாங்கிட்டுப் போங்க. வேண்டாம்னா போற வழியில ஏதாவது கோயில்ல போட்டுட்டுப் போங்க. அன்னதானத்துக்கு ஆகும்.' நல்ல மனுஷி. கேரியரை அவர் பக்கம் நகர்த்தினாள். நகர்ந்த கேரியரில் முகம் நீளமாக, வளைந்து தெரிந்தது. எடுத்துக்கொண்டு போகலாம். கோயிலில் போடலாம். மதினிக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் மதினி யாரிடம் சொல்வாள், யார் அவளைக் கேட்கப்போகிறார்கள், எப்போது கேட்டார்கள். சிறைக்குள் இந்த நேரம் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரிசையில் தட்டோடு நிற்பார்கள் என்று சம்பந்தமில்லாமல் ஒரு நினைப்பு ஓடியது. தட்டுத்தான் இருக்கும். கேரியர் இருக்காது. அப்புறம் அது சம்பந்தமில்லாத நினைப்பு இல்லை என்று தோன்றியது. கேரியரை இரண்டு கையாலும் எடுத்து, எழுத்தர் பக்கம் திருப்பி வைத்தார். 'ஒரு வெள்ளத்தாள் குடுங்கம்மா.' 'ஜட்ஜ் ஐயா சாப்பிட்டு வந்து மூணு மணிக்குத்தான் உக்காருவாரு.' 'இருக்கேன்.'

பெஞ்சுக்கே திரும்பி வந்து, தொடைமேல் பழைய பைலை வைத்து, அதன்மேல் தாளை வைத்து எழுதத் தொடங்கினார். உயர்திரு நீதிபதி அவர்களுக்கு, மூன்றாம் சாட்சி எழுதிக்கொண்டது. கோடு போடாத தாளில் வரி மேலேறிக்கொண்டே போனது. மேற்படி வழக்கில் தண்டனை பெற்றுள்ள, என்று எழுதி நின்றார். அடுத்து பெயர் வரவேண்டும். அந்த ஆள் என்று எழுத முடியாது. பெத்துராஜ், என்று எழுதினார். தகப்பனார் பெயர் சோலையப்பன். பேனா பெத்துராஜின் முதல் எழுத்தைச் சுழித்து இறங்கியபோதே விரல்களுக்குத் தெரிந்துவிட்டது, இந்தப் பெயரை இந்தக் கை முன்பே ஒரு தடவை எழுதியிருக்கிறது. ரோஸ் காகிதத்தின்மேல். மணமகன் பெத்துராஜ் என்று, கேரியரின் வளைவில் எழுத்து சறுக்கிச் சறுக்கிப் போக, மடியில் வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு, ஓடுகிற பஸ்ஸில். வெளியே மழை. பந்தலைக் கட்ட வேண்டிய அவசியம் மனதுக்கு இல்லை, பந்தல் அங்கேயேதான் இருந்தது. சாய்ந்த பெஞ்சு, எண்ணெய்க் கை, சாப்பிட்டுப் போங்க என்ற குரல். பிறகு அந்தப் பெயருக்குக் கீழே, எழுத்து எழுத்தாக, அந்தக் கேரியரை நான்தான் அவருடைய கல்யாணத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்று எழுதினார். சேவல்காரர், காகிதத்தில் சுற்றிய கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, கிளம்புகிற அவசரத்தில் நின்று குனிந்து பார்த்தார். 'என்ன அண்ணாச்சி, இன்னும் எழுதிக்கிட்டா இருக்கீக? ஒண்ணரை மணி பஸ்ஸு போயிரும்.' 'போகட்டும்' என்றார் செண்பகராஜ்.